மாசாயிலிருந்து செனோக்கோ வரை: ஜொகூரை ஆள்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜொகூர் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், ஜொகூர் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் மாசாயில் குடியிருக்கிறேன். சிங்கப்பூரில் செனோக்கோ பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறேன். 2005-இல் போகத் தொடங்கினேன், இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. மேடையில் பேசியவர் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். இடப்பக்கம் சிங்கப்பூர், வலப்பக்கம் மலேசியா. வீட்டு விலை, கார் விலை, ஒரு தட்டுச் சோற்றின் விலை, மருத்துவருக்குக் கட்டும் பணம் எல்லாம் வரிசையாக இருந்தன. சம்பளம் என்ற வரிசையில் மட்டும் சிங்கப்பூர் ஜெயித்தது, மற்ற வரிசைகளிலெல்லாம் நாம். "சம்பாதிக்க அங்கே, வாழ இங்கே" என்று அவர் முடித்ததும் மண்டபம் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் விடியுமுன் மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குக் கடக்கும் பாலத்துக்குப் போகிறவர்கள். அவர்களும் தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. ஏன் என்று அங்கேயே எழுந்து சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்த அட்டவணையில் இருந்த இரண்டு கட்டங்களிலும் நான் வாழ்கிறேன். என் சம்பளம் இடப்பக்கத்தில் இருக்கிறது. என் வீடும் மனைவியும் பிள்ளைகளும் வலப்பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார்களே, அந்தக் கோட்டின் மேல் ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் கழிக்கிறேன். அந்த நான்கு மணி நேரத்துக்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் மனித மேம்பாட்டுக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 அறிக்கையில் சிங்கப்பூருக்கு 0.946, மலேசியாவுக்கு 0.819. இரண்டுமே 'மிக உயர்ந்த' பிரிவில்தான் வருகின்றன. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு அந்தப் பெருமை உண்மையாகவே உண்டு. ஆனால் அந்தக் குறியீடு மூன்று விஷயங்களை அளக்கிறது: ஆயுள், படிப்பு, வருமானம். ஒரு மனிதன் எத்தனை மணிக்கு எழுந்தான், பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருந்தானா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

நான் காலையில் நாலே முக்காலுக்கு வண்டியை எடுப்பேன். பாலத்துக்கு முன்னாலேயே மோட்டார்கள் தேங்க ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கக் குடிநுழைவையும் தாண்டி, அந்தக் கரையில் இருக்கும் உட்லண்ட்ஸ் கடந்து, தொழிற்சாலைக்குள் நுழையும்போது ஆறரை தாண்டிவிடும். மாலையில் திரும்புவதும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை மழை பெய்தால் இன்னும் மோசம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை ஒரு நாளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். பாலத்தின் நீளமோ ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். 1924-இல் முறைப்படி திறந்தபோது அந்தக் கூட்டத்தை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரம் ஆறு நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்று வைத்துக்கொண்டால் 1,152 மணி நேரம் வருகிறது. இரவு பகல் சேர்த்து முழு நாள்களாக்கினால் 48 நாள். கொரோனாவால் எல்லை மூடியிருந்த காலத்தைக் கழித்தால் நான் பதினெட்டு ஆண்டு இப்படிப் போய் வந்திருக்கிறேன். மொத்தம் 864 நாள். இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்கும் மேல். என் மகள் பிறந்தது முதல் ஓடி விளையாடும் வயது வரை உள்ள காலம் அது. அவ்வளவையும் நான் தலைக்கவசத்துக்குள் கழித்திருக்கிறேன்.

அப்படியென்றால் ஏன் போகிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2005-இல் இங்கே ஒரு தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளமாக எனக்கு 750 ரிங்கிட் கிடைத்தது. அங்கே 900 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டேகால் ரிங்கிட். கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

இன்று அதே வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இதில் ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரிங்கிட் விழும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் வரவு கூடுகிறது. நான் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை, அதே இயந்திரம், அதே வேலை. ஆனால் அடுத்த வீட்டில் இருப்பவர் இங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். ரிங்கிட் விழும்போது அவர் வீட்டில் பால்மாவு விலை ஏறுகிறது. என் நாட்டுக் காசு விழுந்தால் எனக்கு லாபம் என்னும் நிலையில் என்னை நிறுத்தியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நாணய மாற்றுக் கடைப் பலகையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதை உணர்கிறேன்.

எங்கள் அப்பா உலு திராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் இளைஞராக இருந்தபோது இரண்டு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்று. இங்கே வாங்கிய கூலியை அங்கே கடையில் நீட்டினால் எடுத்துக்கொள்வார்கள் என்பார். 1967-இல் நாணயம் பிரிந்த பிறகும் 1973 வரை அந்த ஏற்பாடு இருந்தது. ஒரே தலைமுறையில் அப்பாவின் ஒரு வெள்ளி என் காலத்தில் மூன்றாகப் போய்விட்டது. அந்தத் தோட்டமும் இன்று வீட்டுமனைகளாகிவிட்டது.

சரி, ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் நேர்மையாக ஒப்பிடுவோம். சிங்கப்பூரைப் பற்றி அங்கே வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே மக்களில் முக்கால் பங்குக்கும் மேலானவர்கள் வீவக வீடுகளில், அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு, 99 ஆண்டுக் குத்தகையில். என் பிரிவில் தரை துடைக்கும் அம்மாவும் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறார். மேற்பார்வையாளரின் வீடு அதே புளோக்கில் இரண்டு மாடி மேலே. இது சிறிய விஷயம் இல்லை. வீட்டுக்குக் கீழே பேருந்து வரும், பக்கத்தில் கிளினிக் இருக்கும், நூலகம் இருக்கும். கார் வாங்க உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டுவிட்டது என்று இங்கே கேலி பேசுகிறார்கள். கார் இல்லாமலே அங்கே ஒரு குடும்பம் நன்றாக வாழ முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மாசாயில் அது முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு மைவி கார், இரண்டு மோட்டார். பிள்ளையை டியூஷனுக்கு விடக்கூட வண்டி வேண்டும். கார் மலிவு என்பதை நமது வெற்றியாகத் திரையில் காட்டினார்கள். கார் இல்லாமல் வாழ முடியாது என்பதையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நம் பக்கத்தின் நன்மைகளையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்க்கிறோம். நிபுணரிடம் ஐந்து ரிங்கிட். காத்திருக்க வேண்டும், ஆனால் காசு இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. என் அம்மாவின் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பத்து ஆண்டாக மருந்து அப்படித்தான் வருகிறது. அப்புறம் தமிழ்ப்பள்ளி. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் தமிழைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும். ஆனால் அங்கே கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இப்போது தமிழ் அங்கே ஒரு பாடம். இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கணக்கையும் அறிவியலையும் தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவள் என் மகள். என்னைக் கேட்டால், மாதம் எத்தனை வெள்ளி கூடக் கொடுத்தாலும் அதற்கு ஈடு கிடையாது. என்னோடு வேலை செய்யும் சிங்கப்பூர் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் தமிழில் வீட்டுப்பாடத்தைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லையாம்.

ஆகவே எந்த நாடு மேல் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியை நான் உங்களிடம் கொண்டுவரவும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் உழைத்துவிட்டு இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் வெளியே நிற்பவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உலு திராமில் இருக்கிறான், அப்போது வயது 27. சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் வேலை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, மழையில், நம் பக்கத்துச் சாலையிலேயே தண்ணீருக்குள் மறைந்திருந்த குழியில் சக்கரம் இறங்கித் தூக்கி எறியப்பட்டான். தொடை எலும்பு முறிந்தது. அரசாங்க மருத்துவமனையில் நன்றாகப் பார்த்தார்கள். உள்ளே வைத்த கம்பிக்கு மட்டும் நாங்கள் கொஞ்சம் பணம் கட்டினோம். அந்த மருத்துவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஏழு மாதம் அவனால் வேலைக்குப் போக முடியவில்லை. கம்பெனி இரண்டு மாதம் சம்பளம் கொடுத்தது, அப்புறம் வேலை பெர்மிட்டை ரத்து செய்தது. வீட்டுக் கடன் தவணை, மோட்டார் தவணை, கைக்குழந்தை.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் நல்ல சட்டம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். தொழிற்சாலைக்குள் என் விரல் போனால் எனக்கு இழப்பீடு உண்டு. ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து, முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போனால் தவிர, அதற்குள் வராது. நம் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கு 1969-இல் வந்த சட்டத்திலோ, வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் வேலை விபத்தாகவே கருதப்படுகின்றன. தற்காலிகமாக முடங்கிப்போனால் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். அதே இளைஞன் நம் பக்கத்துப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போகும் வழியில், அதே குழியில் விழுந்திருந்தால் அந்த ஏழு மாதமும் வீட்டுக்குப் பணம் வந்திருக்கும். அவன் போனது துவாஸுக்கு. சிங்கப்பூர் முதலாளி சொக்சோவுக்குச் சந்தா கட்டுவதில்லை. ஆகவே நம் நாட்டுச் சாலையில் விழுந்த நம் நாட்டுப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. நாங்கள் சகோதர சகோதரிகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அந்த ஏழு மாதத்தை ஓட்டினோம்.

மோட்டாரில் விடியற்காலையில் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து ஒவ்வொரு நாளும் இருக்கிறது. பாலத்துக்குப் போகும் வழியில் விழுந்து கிடந்தவர்களை நான் என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தூக்கம் போதாதவர்கள், ஐந்து நிமிடம் தாமதித்தால் வரிசை அரை மணி நேரம் நீளும் என்ற பயத்தில் விரட்டுகிறவர்கள். விபத்து என்று நாம் சொல்வதில் பாதி அந்த வரிசையில்தான் தொடங்குகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சுயதொழில் செய்கிறவர்களுக்கு முதலாளி கிடையாது. ஆனாலும் 2017-இல் தனிச் சட்டம் போட்டு அவர்களைச் சொக்சோவுக்குள் கொண்டுவந்தீர்கள். இல்லத்தரசிகளுக்குச் சம்பளமே கிடையாது. 2022-இல் அவர்களுக்கும் ஒரு சட்டம் வந்தது. அது நல்ல சட்டம், என் மனைவியின் தங்கை அதில் சேர்ந்திருக்கிறாள். அப்படியென்றால் எல்லை கடந்து போகிறவர்களுக்கும், சந்தாவை நாங்களே கட்டும்படி, வழிப்பயணத்தையும் சேர்த்துத் தெளிவாக எழுதிய ஒரு திட்டத்தைக் கொண்டுவர முடியும். மாதம் சில பத்து ரிங்கிட் கட்ட நாங்கள் தயங்க மாட்டோம். அந்த விண்ணப்ப முகப்பைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வேலை நாளில் அலுவலகத்துக்கு வந்து எண் எடுத்துக் காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை என்பதை இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

முதுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் இயந்திரத்துக்குப் பக்கத்து இயந்திரத்தில் ஒரு சிங்கப்பூரர் நிற்கிறார். 55 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் அவர் சம்பளத்தில் 20 விழுக்காடும், முதலாளியிடமிருந்து 17 விழுக்காடும் மத்திய சேமநிதிக்குப் போகின்றன. மொத்தம் 37. மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். அதில் எனக்குக் குறை இல்லை. அது அவர்கள் நாடு. மறுபக்கம், இங்கே வேலை செய்கிறவருக்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து சேமநிதி கட்டுகிறார்கள். எனக்கு அங்கேயும் பூஜ்யம், இங்கேயும் பூஜ்யம். 2005-க்கு முன்பு இங்கே வேலை செய்த சில ஆண்டுகளின் சேமிப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. விருப்பப்பட்டால் கட்டலாம் என்று விதி இருப்பது எனக்குத் தெரியும். கையில் காசு வந்த பிறகு பள்ளிக்கட்டணமும் கூரை ஒழுகலும் முன்னால் வந்து நிற்கும்போது, விருப்பம் எங்கே இருந்து வரும்? நான் சேமிக்காதது என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றால் அதை அரசு கவனிக்க வேண்டும். இன்னும் பதினைந்து இருபது ஆண்டில் ஜொகூரில் ஒரு பெரிய கூட்டம் சேமநிதி இல்லாமல் முதுமைக்குள் நுழையும். அப்போது அந்த ஒரு ரிங்கிட் கிளினிக்கில்தான் நாங்கள் எல்லாரும் வந்து நிற்போம்.

வரி கட்டாதவர்கள் என்று எங்களைச் சிலர் சொல்கிறார்கள். சம்பளம் அங்கே வாங்குகிறோம், உண்மை. அதைச் செலவழிப்பது இங்கே. வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம், விற்பனை சேவை வரி கட்டுகிறோம், மாசாய் சந்தையில் மீன் வாங்குகிறோம். எங்கள் சம்பளம் வராத மாதங்களில் இந்த ஊர் என்ன ஆனது என்பதை 2020-இல் எல்லாரும் பார்த்தோம்.

அந்த ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே எங்களுக்கு ஒரு நாளும் கொஞ்சமும்தான் இருந்தது. அங்கே இருந்தால் வேலை, இங்கே வந்தால் குடும்பம், இரண்டில் ஒன்று. நான் பையில் நான்கு சட்டையைத் திணித்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு வாரம் தங்க இடம் கொடுக்க முதலாளிகளுக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் ஆளுக்கு இரவொன்றுக்கு 50 வெள்ளி கொடுத்தது. இதை நன்றியோடு சொல்கிறேன். அப்புறம் ஐந்து பேர் ஓர் அறையில். தொழிற்சாலைக்கு வெளியே என் மோட்டாரின் சாலை வரி காலாவதியாகி, டயர் காற்றிறங்கி நின்றது. 2021 ஜனவரியில் அப்பா இறந்துபோனார். தனிமைப்படுத்தல், பரிசோதனை, அனுமதி எல்லாவற்றையும் முடித்து வருவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்றார்கள். கைப்பேசியில் பார்த்தேன். கொள்ளி வைத்தது என் அக்கா மகன், பிற்பாடு கால் முறிந்தானே, அவன்தான்.

இந்த இரண்டு கரைக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டர் தண்ணீர். அன்று உட்லண்ட்ஸ் கரையில் நின்றால் ஜொகூர் பாரு கட்டடங்களில் விளக்கு எரிவது தெரியும்.

2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. நான் அதை வரவேற்கிறேன். நல்ல வேலை இந்தக் கரைக்கே வந்தால் நான் ஏன் அந்தக் கரைக்குப் போகப்போகிறேன்? ஆனால் அதைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: ஜொகூரில் செலவு குறைவு. நிலம் மலிவு, ஆள் மலிவு. அந்த 'மலிவு' என்ன என்று உங்களுக்கு நான் காட்ட முடியும். என் மனைவி ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனபோதுதான் அவளுக்குக் கூடியது. இருபது குழந்தைகளைக் காலையிலிருந்து மாலைவரை பார்த்துக்கொள்வதற்கு அதுதான் விலை. நான் அங்கே சில நாள் மிகை நேரம் செய்தால் அதில் பாதியைத் தொட்டுவிடுவேன். அவள் என்னைவிட அதிகம் படித்தவள்.

ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் வெள்ளி வந்து புரளும் இடங்களில் வாடகையும் சாப்பாட்டு விலையும் அந்த வெள்ளிக்கு ஏற்றபடிதான் ஏறுகின்றன. சம்பளம் மட்டும் ரிங்கிட்டில் நிற்கிறது. வார இறுதியில் அங்கிருந்து வருகிறவர்களுக்கு இங்கே எல்லாம் மலிவு. இங்கேயே சம்பாதித்து இங்கேயே வாங்குகிறவருக்கு இது விலைவாசி கூடிய ஊர். அட்டவணை காட்டிய அந்தப் பேச்சாளர் ஒரு தட்டு நாசி லெமாக்கின் விலையைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிக் காட்டினார். அதை என் மனைவியின் ஒரு மணி நேரக் கூலியோடு ஒப்பிட்டிருந்தால் எனக்குக் கைதட்ட மனம் வந்திருக்கும்.

புதிய மண்டலத்தில் வரும் கம்பெனிகளுக்கு வரிச்சலுகை கொடுக்கும்போது, என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள். 1,700 ரிங்கிட் வேலை பத்தாயிரம் வந்தாலும் பாலத்து வரிசை குறையாது. 4,000 ரிங்கிட் வேலை வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், சிங்கப்பூரில் அதைவிட இரண்டு மடங்கு கொடுத்தாலும் நான் இங்கேயே இருந்துவிடுவேன். என்னைப் போன்ற பலர் இதையே சொல்வார்கள். நாங்கள் பேராசைக்காரர்கள் இல்லை. அந்த நான்கு மணி நேரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் விலை அவ்வளவு.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் ஓடத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர், ஐந்து நிமிடப் பயணம், ஏறும் இடத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். நான் இதற்காக ஆவலோடு காத்திருக்கிறேன். ஆனால் புக்கிட் சாகாருக்கு நான் எப்படி வந்து சேர்வது? மாசாயிலிருந்தும் உலு திராமிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் விடியற்காலை நாலரை மணிக்கு நிலையத்துக்குப் பேருந்து வருமா? இல்லையென்றால் எல்லாரும் மோட்டாரில்தான் வருவோம், அங்கே நிறுத்த இடமும் இருக்காது. ரயிலைக் கட்ட இவ்வளவு செலவு செய்கிறீர்கள். தாமானிலிருந்து நிலையம் வரை உள்ள அந்தக் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். அங்கே இறங்கியதும் அவர்கள் ரயில், பேருந்து என்று இணைத்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துவாஸுக்குப் போகிறவர்களுக்கு அந்த ரயில் உதவாது. அவர்கள் 1998-இல் திறந்த இரண்டாவது பாலத்தையே நம்பி இருப்பார்கள், மோட்டாரில்தான் போவார்கள். ரயில் வந்துவிட்டது என்று மோட்டார் தடங்களைக் குறைத்துவிட வேண்டாம். மழைக்கு ஒதுங்கக் கூரை, நல்ல விளக்கு, குழி விழுந்தால் அன்றைக்கே மூடும் ஓர் ஏற்பாடு, இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. என் அக்கா மகன் விழுந்த குழியை நாங்கள் போய்ப் பார்த்தோம். ஒரு முழங்கை ஆழம்கூட இல்லை.

எங்களை எண்ணுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கடந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை குடிநுழைவில் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் அன்றாடத் தொழிலாளர்கள், எத்தனை மணிக்கு எழுகிறார்கள், வழியில் எத்தனை பேர் அடிபடுகிறார்கள், எத்தனை பேருக்குச் சேமநிதி இல்லை என்பதை யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அந்தக் கணக்கெடுப்பைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். மற்ற நாள்களில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் பிள்ளைகள்தான் வந்து திறப்பார்கள்.

என் மகள் இந்த ஆண்டு இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதுகிறாள். தாதியாக வேண்டும் என்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை. அத்தை மகனின் காலைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய் வந்த மாதங்களில் அது உறுதியாகிவிட்டது. தாதியர் டிப்ளோமா மூன்று ஆண்டு. படித்து முடித்தால் இந்தப் பக்கத்திலும் வேலை இருக்கிறது, அந்தப் பக்கத்திலும் இருக்கிறது. போன வாரம் இரவு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, நான் எந்தப் பக்கம் வேலை பார்க்கட்டும்?" என்று கேட்டாள். முதலில் படித்து முடி அம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் உங்கள் கையில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குமேல் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
எல்லை கடந்து வேலைக்குப் போகும் ஒரு தகப்பன்,
மாசாய், ஜொகூர்.